பாசிக்குள்ள ஒளிஞ்சிருந்த ராஜாக்கள்!

மொபைலை நீட்டினோமா, ‘க்ளிக்’ பண்ணோமானு இருக்கிற ஆளா நீங்க? ஒரே ஒரு போட்டோவுக்காக மரம் வெட்டி, சாரம் கட்டுவீங்களா?

ஆல்ஃபிரட் மாட்ஸ்லே கட்டினார். இங்கிலாந்துக்காரர். 1881-ல் குவாதமாலா நாட்டின் கிரிகுவா காட்டுக்குள் அவர் நுழைந்தபோது, பழங்கால மாயா மக்கள் நட்ட கல்தூண்கள் பாசி மூடிக் கிடந்தன. அதில் ஒன்று, மண்ணுக்குள் இருப்பதையும் சேர்த்து 35 அடி! 1883-ல் ஆள், அம்பு, கேமரா சகிதம் திரும்பி வந்தார். மரத்தை வெட்டி, பாசியைத் தேய்த்து எடுத்து, அப்புறம்தான் போட்டோ.

அவர் படமெடுத்தது கண்ணாடித் தகட்டில். ஆனாலும் அவர் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்தான். 1860 வாக்கில் மெக்சிகோவின் மாயா கோயில்களைப் படமெடுத்த பிரெஞ்சுக்காரர் தெசிரே ஷார்னே, தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமும் எடுத்து, கழுவியும் முடிக்கணும். அந்த வெயிலில்! (நம்ம கெமிஸ்ட்ரி லேப் எவ்வளவோ தேவலை.) மாட்ஸ்லே காலத்தில் ரெடிமேட் உலர் தகடு வந்துவிட்டது.

இன்னொரு தலைவலி, வெளிச்சம். நேராக விழுந்தால் சிற்பம் சப்பையாகத் தெரியும். பக்கவாட்டில் விழுந்தால்தான் பள்ளத்தில் நிழல் தங்கி, எழுத்து பளிச்சென்று எழும்பும்.

இவ்வளவு மெனக்கெட்டது எதுக்குனு கேட்கறீங்களா? 1890-களில் தியோபர்ட் மாலர் என்பவர், அதே குவாதமாலாவில் பியெத்ராஸ் நெக்ராஸ் என்ற இடத்துக் கல்தூண்களைப் படமெடுத்தார். 1901-ல் ஹார்வர்டின் பீபாடி மியூசியம் அவற்றைப் புத்தகமாகப் போட்டது. அந்தக் கல்லில் இருப்பதெல்லாம் சாமியும் பஞ்சாங்கமும்தான் என்று பெரிய தலைகள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம். தத்தியானா ப்ரோஸ்கூரியகோஃப் என்ற பெண் நம்பவில்லை. படித்தது ஆர்க்கிடெக்சர், வந்தது ஆராய்ச்சிக்கு! தூண்களில் இருந்த தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தார். ஒவ்வொரு தொகுதியும் ஒரு மனுஷ ஆயுளுக்குள் கச்சிதமாக அடங்கியது. ‘இவங்க சாமி இல்லை, ராஜாக்கள். பிறந்தது, பட்டத்துக்கு வந்தது எல்லாம் இதில் இருக்கு’ என்று 1960-ல் அவர் எழுதிய கட்டுரை, மாயா வரலாற்றையே திருப்பிப்போட்டது.

சரியாக அந்த 1960-களில்தான் காட்டுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். முழுத் தூணைத் தூக்க முடியாதே! சிற்பம் இருந்த முகப்பை மட்டும் ரம்பத்தால் அறுத்து, துண்டு துண்டாக்கிக் கடத்தினார்கள். மாலர் பார்த்தபோது நல்லபடியாக இருந்த ராஜாக்கள் சிலர் இப்போது வெறும் துண்டுகள். அவர்களை முழுசாகப் பார்க்கணும்னா, மாலரின் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் புரட்டணும்.