விடுமுறைக்கு டிக்கெட் எடுக்க நல்ல நேரம் எது?

2024 டிசம்பர் 21 அன்று இண்டிகோ நிறுவனம் பினாங்கு–சென்னை நேரடிச் சேவையைத் தொடங்கியது. பள்ளி விடுமுறையில் தமிழ்நாடு போக விரும்பும் பினாங்கின் கெலுகோர் குடும்பங்களுக்கு, கோலாலம்பூர் போகாமல் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலேயே விமானம் ஏறும் வழி அதனால் பிறந்தது. ஆனால் டிக்கெட்டை எப்போது எடுப்பது? செவ்வாய்க்கிழமை எடுத்தால் மலிவு, நள்ளிரவில் தேடினால் மலிவு என்று பலர் சொல்வார்கள். பயண நாளை மாற்ற முடியாத குடும்பம் கிழமை பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை. விடுமுறைத் தேதி உறுதியானதும் எடுத்துவிடுவதே நல்லது.

விமானக் கட்டணம் கணினி கணக்கிட்டு நிர்ணயிப்பது. ஒரே விமானத்தின் இருக்கைகள் பல விலைப் படிகளாகப் பிரிக்கப்படுகின்றன. கீழ்ப்படி இருக்கைகள் தீர்ந்ததும் அடுத்த படியின் விலை வந்துவிடும். 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விமான நிறுவனத்தோடு போட்டியிட, முன்கூட்டி வாங்குவோருக்கு மட்டும் குறிப்பிட்ட சில இருக்கைகளைக் குறைந்த விலைக்கு விற்றது. அந்த உத்தியைத்தான் இன்று உலகம் முழுதும் விமான நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. மலேசியப் பள்ளித் தவணை 2026 முதல் மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், நீண்ட விடுமுறை டிசம்பருக்குத் திரும்பியிருக்கிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டுப் பயணிகளும் சென்னையின் மார்கழி இசை விழாவுக்குப் போவோரும் இடம் தேடும் மாதம் அது. கீழ்ப்படிகள் விரைவில் தீர்வதில் வியப்பில்லை.

குடும்பமாகப் போவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 250 ரிங்கிட் இருக்கை இரண்டுதான் மிச்சம், அடுத்த படி 340 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்குச் சேர்த்துத் தேடினால், பெரும்பாலும் நால்வருக்குமே 340 காட்டும். மொத்தம் 1,360 ரிங்கிட். இருவர் இருவராக எடுத்தால் 1,180 போதும். ஆகவே முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்து, விலையை ஒப்பிடுவது நல்லது. பிரித்து எடுத்தால் ஒவ்வொரு பதிவிலும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். விமான நேரம் மாறினால் இரண்டு பதிவுகளையும் தனித்தனியே கவனிக்க வேண்டியிருக்கும்.

மலிவு விற்பனை வரும்வரை காத்திருக்கலாமே என்று கேட்கலாம். அத்தகைய சலுகைகள் பெரும்பாலும் கூட்டமில்லாத நாள்களின் இருக்கைகளை நிரப்பவே வருகின்றன. பள்ளி விடுமுறை நாள்களுக்கு அவை கிடைப்பது அரிது. கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. அவசரமாகப் புறப்படுவோர் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்பதால், மலிவு நிறுவனங்கள் பொதுவாக அப்போது விலையை ஏற்றவே செய்கின்றன. திட்டம் மாறினால் பணம் போய்விடுமே என்ற அச்சம் மட்டும் நியாயமானது: மலிவு டிக்கெட்டை நாமே ரத்து செய்தால் கட்டணம் திரும்பக் கிடைப்பது கடினம். ஆனால் தவறு விமான நிறுவனத்தின் தரப்பில் என்றால் நமக்குப் பாதுகாப்பு உண்டு. 2024 செப்டம்பர் 2 முதல் நடப்புக்கு வந்த மலேசிய விதித் திருத்தத்தின்படி, விமானம் ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம்.

எனவே கல்வி அமைச்சின் விடுமுறை அட்டவணை வந்ததும் பெற்றோர் வேலையிடத்தில் விடுப்பை உறுதிசெய்து, கடப்பிதழ்களின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யலாம். பெட்டி, இருக்கைத் தேர்வு, உணவு ஆகியவற்றையும் கூட்டிய பிறகே எந்த நிறுவனம் மலிவு என்று முடிவு செய்ய வேண்டும். விடுமுறையின் முதல் சனிக்கிழமையை விட்டு வாரநாளில் புறப்பட முடிந்தால், அந்த ஒரு மாற்றமே பல வாரக் காத்திருப்பைவிட அதிகம் மிச்சப்படுத்தக்கூடும்.