சிம்பியூட்டர்: ஊருக்கு ஒரு கணினி

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில்கூட கைத்தொலைபேசி புழங்கும் காலத்தில், பெங்களூரில் பிறந்த சிம்பியூட்டரை ஏன் பேச வேண்டும்? தோற்றுப்போன கருவி என்று அதை ஒதுக்குவது பாதி நியாயம்தான். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் நால்வரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் 1999இல் ஓர் அறக்கட்டளை அமைத்து வடிவமைத்த கையடக்கக் கணினி அது. லினக்ஸில் இயங்கியது, எழுத்தை இந்திய மொழிகளில் வாசித்தும் காட்டியது. அதன் உயிர்நாடி ஒரு சின்னச் சிப் அட்டை. ஊருக்கு ஒரு கருவி போதும். அட்டையைச் செருகினால் உங்கள் விபரம் திறக்கும், உருவினால் அடுத்தவர் முறை.

2004இல் பிகோபெட்டா நிறுவனமும் பாரத் எலெக்ட்ரோனிக்ஸும் ‘அமிடா’ என்ற பெயரில் சில மாதிரிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. கருவியைச் சாய்த்தால் பக்கம் புரளும். ஐபோன் வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன! ஆனால் கறுப்பு வெள்ளைத் திரைக்கே ஏறக்குறைய பத்தாயிரம் இந்திய ரூபா, வண்ணத்திரைக்கு அதன் இருமடங்கு. விற்றது சில ஆயிரம்தான். கைத்தொலைபேசி மலிந்தபின் இதற்கென்ன தேவை என்று கேட்கலாம். மலிந்தது உண்மை, ஆனால் அது ஆளுக்கொன்று என்ற கணக்கில் செய்யப்பட்டது. மூன்று பிள்ளைகள் ஒரே தொலைபேசியில் பாடம் படிக்கும் வீட்டில், அப்பாவின் வங்கி விபரமும் எல்லார் கையிலும் அல்லவா புரள்கிறது? சிம்பியூட்டரைக் கவிழ்த்தவை விலையும் தாமதமும். எண்ணத்தில் கோளாறு இல்லை. தோட்டப் பாடசாலைக்குக் கருவி வாங்கிக்கொடுக்க நினைப்பவர்கள், பலர் பகிரும்போது தனித்தனிக் கணக்கு வைக்க முடியுமா என்று கடைக்காரரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள்.