ஓடையைத் தொலைத்த மீன்

ஜூன் மாதம் தேக்கடி மதகு திறந்துவிட்டால் ராயப்பன்பட்டியிலிருந்து கூடலூர் வரை டீக்கடைகளில் ஒரே பேச்சுதான்: இன்றைக்கு எத்தனை கன அடி? கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அந்த எண்தான் ஜாதகம். முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 136 அடியைத் தொட்டதா, 142க்குப் போகுமா என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தண்ணீருக்குள் என்ன நீந்துகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தின் நீர்நிலைகளில் 54 வகை மீன்களை 2010இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு பதிவு செய்தது. அவற்றில் சில, உலகத்தில் வேறு எந்த ஆற்றிலும் இல்லாதவை. 'கர்ரா பெரியாரென்சிஸ்', 'குரோசோகைலஸ் பெரியாரென்சிஸ்' என்று அறிவியல் பெயரிலேயே ஆற்றைச் சுமக்கிற மீன்களும் அவற்றில் உண்டு. ஆனால் கதை உள்ள மீன் வேறொன்று: லெபிடோபைகாப்சிஸ் டைபஸ். மலையாளத்தில் பிராமணக் கெண்டை என்பார்கள்.

சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த சுந்தரராஜ் 1941இல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். உடம்பில் செதில் குறைவு. ஆனால் குதத்தை ஒட்டி இருபுறமும் பெரிய செதில்கள் வரிசை கட்டியிருக்கும். இந்த அடையாளம் காஷ்மீர், இமயமலை ஓடைகளில் வாழும் பனி டிரவுட் மீன்களுக்கு உரியது. இமயத்து மீனுக்குத் தேக்கடியில் என்ன வேலை? சாத்புரா மலைத்தொடர் வழியாகத்தான் இமாலய மீன்கள் தெற்கே வந்திருக்க வேண்டும் என்று விலங்கியலாளர் சுந்தர்லால் ஹோரா வாதிட்டுவந்த காலம் அது. அந்த வாதத்துக்கு இந்த மீன் கச்சிதமாகப் பொருந்தியது. பல பத்தாண்டுகள் கழித்து மரபணுவைப் படித்தவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். இது பனி டிரவுட்டின் உறவே இல்லை, மாசீர் மீன்களின் பங்காளி. வேகமாக ஓடும் குளிர்ந்த நீரில் தனித்தனியே வாழ்ந்த இரண்டு வம்சங்களுக்கு ஒரே மாதிரிச் செதில் வரிசை வாய்த்திருக்கிறது. செதிலை நம்பி வம்சாவளி எழுதினால் இப்படித்தான் ஆகும்.

இந்த மீனுக்கு வேண்டியது ஓட்டம். 1895இல் பென்னிகுவிக் கட்டிய அந்த முல்லைப் பெரியாறு அணை நிறைந்தபோது, ஓடைகளும் ஆறும் ஓடிய பள்ளம் சுமார் 26 சதுர கிலோமீட்டர் ஏரியானது. ஓடும் நீரில் காற்று கலந்துகொண்டே இருக்கும். கூழாங்கற்கள் மேல் பாசி படரும். கல்லிடுக்கில் விழும் முட்டையை வண்டல் மூடாது. தேங்கிய நீரில் இந்த மூன்றுமே தலைகீழ். ஓடை மீன்கள் ஏரிக்கு மேலேயுள்ள கிளையாறுகளை நம்பி வாழ வேண்டியதாயிற்று. பிராமணக் கெண்டையைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது.

வோல்கா நதியில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். கேவியர் தரும் பெலுகா ஸ்டர்ஜியன் காஸ்பியன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறிப்போகும். வோல்கோகிராட் அணை குறுக்கே வந்ததும் அது முட்டையிடும் இடங்களில் பெரும்பகுதி அணைக்கு அப்பால் போய்விட்டது. ரஷ்யர்கள் குஞ்சு பொரிப்பகம் கட்டிச் சமாளித்துப் பார்த்தார்கள். இன்றும் அந்த மீன் அழிவின் விளிம்பில்தான் நிற்கிறது.

பெரியாற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேங்கிய நீரை விரும்பும் வெளியூர் மீன்கள் ஏரிக்குள் குடியேறிவிட்டன. சாதாக் கெண்டை அடிச்சேற்றைக் கிளறித் தின்னும். தண்ணீர் கலங்கும், பாசி குறையும், அந்தப் பாசியையே நம்பிய உள்ளூர் மீனுக்கு இரை போகும். 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றுவதால் எங்கே விட்டாலும் பெருகும். மூன்றாவதாக ஆப்பிரிக்கன் கெளுத்தி: காற்றையும் சுவாசிக்கும், அகப்பட்டதையெல்லாம் விழுங்கும். அதை வளர்க்க நாட்டில் தடை இருக்கிறது. தடையை மீறி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

அணை கட்டியது தவறு என்று தேனி மாவட்டத்தில் ஒருவரும் சொல்ல மாட்டார், நானும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் இல்லையென்றால் இந்தப் பள்ளத்தாக்கில் இருபோகம் இல்லை. ஆனால் நீர்மட்டத்துக்காக நீதிமன்றம் வரை போன தமிழகமும் கேரளமும் ஒரு கேள்வியைச் சேர்ந்தே கேட்கலாம். மேற்கே ஓடவேண்டிய ஆற்றைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பியிருக்கிறோமே, மீன்களும் கூடவே வருகின்றனவா? வலை வீசாமலே பார்க்க இப்போது வழியிருக்கிறது. ஒரு குடுவைத் தண்ணீரை வடிகட்டி, அதில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளைப் படித்தாலே எந்தெந்த மீன் அந்த நீரில் இருந்தது என்று சொல்லிவிடலாம். தேக்கடி ஏரியிலும், லோயர் கேம்ப்புக்குக் கீழேயும், வைகை அணையிலும் நீர் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைத் தமிழகப் பல்கலைக்கழகம் ஒன்று எடுத்துச் செய்ய வேண்டும்.

அதுவரை நம்மூர் ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன மீனைச் சண்முகா நதி அணையிலோ சுருளியாற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். ஆப்பிரிக்கன் கெளுத்திப் பண்ணைக் குட்டை கண்ணில் பட்டால் மழைக்காலத்துக்கு முன்பே மீன்வளத் துறைக்குச் சொல்லிவிடுங்கள். குட்டை உடைந்து ஓடையில் கலந்தபின் அந்த மீனைத் திரும்பப் பிடித்து முடிக்க முடியாது.