இரண்டு வீடு, ஒரு கொம்பியூட்டர்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை பின்னேரமும் என் மகள் வீடு மாறுவாள். ஒரு கிழமை ஸ்காபரோவில் என்னோடு, அடுத்த கிழமை அஜாக்ஸில் அவளுடைய அம்மாவோடு. நாங்கள் இரண்டு பேரும் பிரிந்து மூன்று வருஷமாகிறது. எங்கட ஆட்கள் இதை வெளியில் சொல்வது குறைவு. ஆனால் இதை வாசிக்கிற சிலருடைய வீட்டிலும் இப்படியொரு வெள்ளிக்கிழமை இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. நாங்கள் பூட்டிய கொம்பியூட்டரின் ஒவ்வொரு பாகமும் அந்த வெள்ளிக்கிழமையை நினைத்துத்தான் தெரிவானது.

மகளுக்கு 12 வயது. பள்ளிக்கூடச் சிநேகிதிகளோடு மைன்கிராஃப்ட், ஃபோர்ட்நைட் விளையாடுவாள். விளையாட்டைவிட ஹெட்செட்டில் நடக்கிற கதைதான் முக்கியம். அவளுடைய பழைய டவர் கொம்பியூட்டர் அம்மா வீட்டில். என்னிடம் இருந்தது வேலைத்தல லப்டொப் மட்டும்; அதை அவள் தொட முடியாது. போன குளிர்காலத்தில் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, இந்தமுறை ஒருநாள் முந்தியே அங்க போகட்டா? எல்லாரும் ஒன்லைன்ல வருவினம்."

கோபம் வரவில்லை. ஆனால் அன்றிரவு நித்திரையும் வரவில்லை. மென்பொருள் பொறியியலாளன் அல்லவா, விடிவதற்குள் பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் போட்ட ஒரு பட்டியல் தயார். அம்மா வீட்டில் இருப்பதைவிடத் திறமான ஒன்று என்னுடைய வீட்டில் இருந்தால் சரிதானே?

என்னுடைய அம்மாவிடம் சொன்னேன். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னா: "தம்பி, சாமானைக் காட்டிப் பிள்ளையை இழுக்காதை. நாளைக்கு அவவும் இதைவிடப் பெரிசா ஒண்டு வாங்குவா. பிறகு நீ என்ன வாங்கப்போறாய்?"

பட்டியலை மூடிவிட்டேன். வழி சொன்னது மகள்தான். "எனக்கு ஒண்டு காணும் அப்பா. ஆனா அது என்னோட வரவேணும்."

பிறகு அவளுடைய அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எங்களுக்குள் போன் என்றால் பல்வைத்தியர் நேரமும் பள்ளிக்கூடக் கடிதமும்தான். இருந்தாலும் பேசினோம். பெட்டி ஒன்று, செலவு பாதிப் பாதி, இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு மொனிட்டர் என்று முடிவானது.

ஏன் லப்டொப் இல்லை?

எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இது. உங்கள் பிள்ளை பஸ்ஸில் போய்வருகிறதென்றால் லப்டொப்தான் சரி. ஆனால் கேமிங் லப்டொப்பில் கிராஃபிக்ஸ் சிப் போர்டோடு ஒட்டியே வரும். நாலு வருஷத்தில் அது பழசானால் முழு லப்டொப்பும் பழசு. பெயர் ஒன்றாக இருந்தாலும் லப்டொப்பில் வருகிற சிப்புக்குக் கிடைக்கும் மின்சாரம் குறைவு, வேகமும் குறைவு. விளையாடும்போது ஃபான் போடுகிற சத்தம் அடுத்த அறைக்கும் கேட்கும்.

2022இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக் போன்ற கைக்கருவியையும் யோசித்தோம். நல்ல சாமான். ஆனால் அதில் வருகிற இயங்குதளத்தில் ஃபோர்ட்நைட் ஓடாது. மகளைப் பொறுத்தவரை கதை அதோடு முடிந்தது.

எங்கள் தேவை வேறு: கிழமைக்கு ஒருதடவை காரில் போகும், மற்ற நாட்களில் மேசையில் இருக்கும். அதற்குச் சின்ன டெஸ்க்டொப் பொருத்தம்.

சின்னது என்றால் எவ்வளவு சின்னது?

இந்தச் சின்னப் பெட்டிகளை லீற்றரில்தான் அளப்பார்கள். சாதாரண டவர் 40, 50 லீற்றர் வரும். நாங்கள் எடுத்த ஃபிராக்டல் டெரா 10.4 லீற்றர். ஒன்ராறியோவில் நாங்கள் வாங்குகிற நாலு லீற்றர் பால் பை இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சின்னதாக்க உதவுவது மினி ஐடிஎக்ஸ் மதர்போர்ட். 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு அது. 17 சென்ரிமீற்றருக்கு 17 சென்ரிமீற்றர். கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு இடம், ராமுக்கு வழக்கமாக இரண்டு இடம், அவ்வளவுதான். பிறகு கூட்டலாம் என்று எதையும் விட்டுவைக்க ஏலாது. ராமை முதலிலேயே போதிய அளவு வாங்கவேண்டும்.

பெரிய டவர் பூட்டும்போது முதலில் வேகத்தைப் பார்ப்போம், கேஸ் கடைசியில் வரும். சின்னதில் தலைகீழ். முதலில் கேஸ், பிறகு அதற்குள் போகக்கூடிய கார்ட், பிறகு பவர் சப்ளை, கூலர், அதற்குப் பிறகுதான் ப்ரொசெசர். வேகத்தைப் பார்க்குமுன் மில்லிமீற்றரைப் பாருங்கள்.

120 மில்லிமீற்றர் கணக்கு

எங்கள் கேஸின் நடுவில் ஒரு சுவர் நிற்கிறது. ஒரு பக்கம் மதர்போர்டும் கூலரும். மறுபக்கம் கிராஃபிக்ஸ் கார்ட். ஒரு தட்டை ரைசர் கேபிள் அதைப் போர்டோடு இணைக்கிறது. அந்தச் சுவரை நகர்த்தலாம். கார்டுக்கு 72 மில்லிமீற்றர் விட்டால் கூலருக்கு 48தான். கூலருக்கு 77 விட்டால் கார்டுக்கு 43. எப்படி நகர்த்தினாலும் கூட்டுத்தொகை 120.

மகள் இதைப் பார்த்துவிட்டு, "அப்ப ஒராளுக்குக் கூடக் குடுத்தா மற்றாளுக்குக் குறையும்" என்றாள். ஓம் என்றேன். இரண்டு பேரும் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு அவளே அளவுகோலை எடுத்தாள்.

நாங்கள் தடித்த கார்டை விட்டுவிட்டு, 43க்குள் அடங்குகிற ஒன்றைத் தேடினோம். ஒரு விஷயம் கவனியுங்கள்: பெட்டியில் "இரண்டு ஸ்லொட்" என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. அப்படிச் சொல்கிற கார்ட்களிலும் சில 45, 50 மில்லிமீற்றர் வரும். தயாரிப்பாளரின் அளவு விபரத்தைத் தேடி வாசியுங்கள்.

நாங்கள் எடுத்த பாகங்கள்

கிராஃபிக்ஸ் கார்ட்: இரண்டு ஃபான் வைத்த கட்டையான ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி. இது இழுப்பது 180 வாட். மகளின் மொனிட்டர் 1080 தெளிவு கொண்டது, அதற்கு இது தாராளம். 8 ஜிபி நினைவகத்தோடும் இதே கார்ட் வருகிறது; விலை குறைவு. நாலைந்து வருஷம் வைத்திருக்கப்போகிறோம் என்றபடியால் 16ஐ எடுத்தோம்.

ப்ரொசெசர்: ரைசன் 5 7600. ஆறு கோர், 65 வாட். இதைவிட வேகமானவை உண்டு, ஆனால் சின்னப் பெட்டிக்குள் வேகம் என்றால் சூடு, சூடு என்றால் சத்தம். இதன் ஏஎம்5 சொக்கெட்டில் பிறகு வேறு ப்ரொசெசரும் மாற்றலாம்.

கூலர்: நொக்டுவாவின் 77 மில்லிமீற்றர் உயரமான ஒன்று. ப்ரொசெசரோடு சும்மா வருகிற கூலரும் உள்ளே போகும். ஆனால் 12 சென்ரிமீற்றர் ஃபான் மெதுவாகச் சுற்றினாலே போதும், அதனால் சத்தம் குறைவு. அவளுடைய அம்மா கேட்ட ஒரே நிபந்தனை அதுதான்: "இரவில சத்தம் கேக்கக்கூடாது."

பவர் சப்ளை: எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவு, 600 வாட். ப்ரொசெசர் உச்சத்தில் 88 வாட், கார்ட் 180, மற்றதெல்லாம் சேர்த்து 50 என்று கூட்டினாலும் 318தான் வருகிறது. அப்ப ஏன் 600? பாதிச் சுமையில் ஓடும்போது ஃபான் பெரும்பாலும் மெதுவாகவே இருக்கும். நாளைக்குப் பெரிய கார்ட் போடவும் இடம் இருக்கும்.

மற்றவை: டிடிஆர்5 ராம் 32 ஜிபி, உயரம் குறைந்த வகை. எம்.2 எஸ்எஸ்டி 1 டிபி. வைஃபை உள்ளே இருக்கிற பி650 மதர்போர்ட். வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வயர் இழுக்கும் வேலை இல்லை.

செலவு, ஒன்ராறியோவின் 13 வீத வரியோடு ஏறக்குறைய 2,200 டொலர். ஒளிக்காமல் சொல்கிறேன்: இதே வேகத்தைப் பெரிய டவரில் இருநூறு, முந்நூறு டொலர் குறைவாக எடுத்திருக்கலாம். சின்னக் கேஸ், சின்னப் போர்ட், சின்னப் பவர் சப்ளை மூன்றும் விலை கூட. வீட்டை விட்டு வெளியே போகாத கொம்பியூட்டருக்கு அந்தக் காசைக் கொடுக்காதீர்கள்.

கறுப்புத் திரை

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் பூட்டினோம். கஷ்டமான பகுதி கேபிள்தான். பெரிய கேஸில் மிச்சக் கேபிளைப் பின்னால் தள்ளிவிடலாம். இதில் ஒவ்வொன்றும் எந்த வழியால் போகும் என்று முதலே யோசிக்கவேண்டும். மகளின் விரல் சின்னது. என்னுடைய கை போகாத இடத்துக்கெல்லாம் அவளுடைய கை போனது.

பின்னேரம் ஐந்து மணிக்குச் சுவிட்சைப் போட்டோம். ஃபான் சுற்றியது. திரை கறுப்பு. ஒரு நிமிஷம் பார்த்தேன், நிறுத்தினேன். ராமைக் கழற்றிப் பூட்டினேன். திரும்பவும் கறுப்பு. மூன்றாம் தரமும் அதே. மகளின் முகம் சுருங்கிவிட்டது. ரைசர் கேபிள் பிழையாக இருக்கும், திருப்பி அனுப்பவேண்டும் என்று நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.

அவள் அதற்குள் மதர்போர்ட் புத்தகத்தை எடுத்து வாசித்திருந்தாள். "அப்பா, முதல்தரம் ராமைப் பழக்க நேரம் எடுக்குமாம். நிப்பாட்டக்கூடாதாம்."

உண்மைதான். ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ராமை முதன்முதலில் போடும்போது, போர்ட் அதைச் சோதித்து ஒழுங்குபடுத்தும். பல நிமிஷம் திரையில் ஒன்றும் வராது. நான் ஒவ்வொரு தரமும் இடையில் நிறுத்தி, அதை முதலிலிருந்து தொடங்க வைத்திருக்கிறேன். நாலாம் தரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். ஆறு நிமிஷத்தில் படம் வந்தது. மாஸ்டர்ஸ் படித்த அப்பாவை விட்டுவிட்டு அவள் அப்பம்மாவுக்குப் போன் எடுத்து, தான் திருத்தினதாகச் சொன்னாள்.

காரில் ஏற்றினால்

பூட்டி முடிய ஏழு கிலோ அளவில் வந்தது. எதில் கொண்டுபோவது? என்னுடைய அம்மா கோயிலுக்குச் சோறு கறி கொண்டுபோகிற, சூடு காக்கிற தடித்த பை அளவாகப் பொருந்தியது. சுற்றி ஒரு துவாய் வைத்தால் ஆடாது. இன்னும் வேறு பை வாங்கவில்லை.

கனடாவிலும் நோர்வேயிலும் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மறை 15 பாகையில் காரில் கிடந்த பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து உடனே போடாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் வீட்டுக் காற்றின் ஈரம் படியும். மூக்குக்கண்ணாடி மூடுபனி பிடிப்பது மாதிரித்தான், ஆனால் மின்சாரத்தோடு. பையைத் திறக்காமல் ஒரு மணித்தியாலம், கடும் குளிரென்றால் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் இரவுச் சாப்பாட்டு நேரம்.

மொனிட்டர், கீபோர்ட், மவுஸ், மின்வயர் எல்லாம் இரண்டு வீட்டிலும் தனித்தனி. பெட்டியைத் தவிர ஒன்றும் பயணம் போவதில்லை. எதையாவது மறந்து வந்துவிட்டு, "உங்களிட்டச் சொன்னனான்" என்று பெரியவர்கள் சண்டை பிடிக்க இடமே இல்லை.

கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் பவர் சப்ளையின் லேபலைப் பாருங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் இங்கத்தைய 120இலும் யாழ்ப்பாணத்து 230இலும் ஓடும். பொருத்தமான மின்வயர் மட்டும் மாற்றினால் காணும். விமானத்தில் கைப்பையில் வையுங்கள், பாதுகாப்புச் சோதனையில் வெளியே எடுக்கச் சொல்லலாம்.

பெட்டியோடு போகிற சட்டம்

நாங்கள் எதிர்பார்க்காத நன்மை ஒன்று. முன்பு இரண்டு வீட்டில் இரண்டு சட்டம். அங்கே எட்டரைக்கு நிறுத்தவேண்டும், என்னிடம் பத்து மணி. "அப்பா வீட்டில விடுவார்" என்பது அவளுடைய ஆயுதம். இப்போது விண்டோஸின் குடும்பக் கணக்கில் இரண்டு பேருமாக ஒரே நேரத்தைப் போட்டிருக்கிறோம்: பள்ளிக்கூட நாளில் ஒன்பது மணி. அது கணக்கோடு ஒட்டியது, எந்த வீட்டில் செருகினாலும் ஒன்பதுக்கு நிற்கும். அந்த ஒன்பதுக்கு வர எங்களுக்கு இரண்டு போன் தேவைப்பட்டது. அவள் பத்து கேட்டாள், கிடைக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. வெள்ளிக்கிழமை அவள் போனபிறகு வீடு இப்போதும் அமைதியாகத்தான் இருக்கிறது. மேசையில் மொனிட்டர் மட்டும் நிற்கும். ஆனால் ஒருநாள் முந்திப் போகட்டா என்ற கேள்வி பிறகு வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அஜாக்ஸ் வீட்டுச் சமையலறை மேசை, பக்கம் கழற்றிய எங்கள் பெட்டி, கையில் தூரிகையோடு மகள். தூசி தட்டுகிறார்கள். படத்தின் ஓரத்தில் அவளுடைய அம்மாவின் விரலுக்கிடையில் ஒரு சின்ன ஸ்குரூ.

"இது மிஞ்சிப்போச்சு. எங்க பூட்டுறது?" என்று கேட்டிருந்தா.

மூன்று வருஷத்தில் நேரம், காசு, பள்ளிக்கூடம் அல்லாத ஒரு விஷயத்துக்கு அவவிடமிருந்து வந்த முதல் செய்தி அது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"பின்பக்கம், கார்ட் பூட்டின இடத்தில பாரும்" என்று எழுதினேன். அங்கேதான் இருந்ததாம்.