புதுத்தொழிலின் அளவுகோல்

புதிதாகத் தோன்றும் நிறுவனத்தின் வளர்ச்சியை விற்பனைத் தொகை ஒன்றாலேயே அளத்தல் பிழையாகும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு தோன்றிய வெப்வேன் இதற்குச் சான்று. இணையவழி வரும் ஆணைப்படி மளிகைப் பொருள்களை வீடுகளிற் சேர்ப்பது அதன் தொழில். 1999இல் பங்கொன்று 15 டாலராக விற்று, 37 கோடியே 50 இலட்சம் டாலர் திரட்டியது. விற்பனை ஏறிற்று, வாடிக்கையாளர் பெருகுமுன்னரே பெரும் பண்டகசாலைகள் பெருகின.

திறமையுடையோரை நிறுத்திக்கொள்ளப் புதுநிறுவனங்கள் ஊதியத்துடன் பங்குரிமையும் அளிப்பது வழக்கம். பங்கு சில காசுகளுக்கு வீழ்ந்தபின் அவ்வுரிமையாற் பயன் யாது? 2001 சூலையில் வெப்வேன் மூடப்பட்டது. ஏறத்தாழ 2,000 பேர் வேலையிழந்தனர்.

ஆகவே அளக்கத்தக்கவை மூன்று: ஒவ்வோர் ஆணையிலும் செலவு போக எஞ்சுவது எவ்வளவு? ஒருமுறை வாங்கியவர் மீண்டும் வருகின்றாரா? கையிருப்பு எத்தனை திங்கட்குப் போதும்? மூன்றாம் வினாவை மறந்த நிறுவனத்திற்கு முதலிரண்டையும் திருத்திக்கொள்ளக் காலம் வாய்ப்பதில்லை.