மறதி நோயைத் தள்ளிப்போடக் கிராமத்தில் செய்யத்தக்கவை

வயது முதிர முதிர நினைவு சற்று மங்குவது இயற்கையே. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோவதும், நன்கறிந்த ஒருவரின் பெயர் உடனே நினைவுக்கு வராமற் போவதும் நோயின் அறிகுறிகள் ஆகமாட்டா. ஆனால், நாற்பது ஆண்டுகள் சமைத்துப் பழகிய மூதாட்டி குழம்புக்கு உப்பிட்டதை மறந்து மீண்டும் மீண்டும் இடுவதும், வாரச் சந்தைக்குச் சென்ற முதியவர் தாம் வாழும் தெருவை அறியாது திகைத்து நிற்பதும், பத்து ரூபாய் கொடுத்து ஆறு ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கூற இயலாமையும் வேறு வகையைச் சேர்ந்தவை. நினைவு மட்டுமன்றி, சிந்தனை, பேச்சு, திசையறிவு, அன்றாடக் காரியங்களைச் செய்துகொள்ளும் திறன் ஆகியனவும் படிப்படியாகக் குலையும் இந்நிலையை மருத்துவர்கள் டிமென்ஷியா என்பர். தமிழில் மறதி நோய் என்று வழங்குகிறது. வீட்டார் பெரும்பாலும் "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று கூறி அமைதி கொள்கின்றனர். அவ்வாறு கூறும் வழக்கமே இந்நோயைப் பற்றிய முதல் தடையாகும்.

நம் நாட்டின் பல மாநிலங்களில் முதியோரிடையே நடத்தப்பட்ட விரிவான ஆய்வொன்றின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயால் பீடிக்கப்பட்டுள்ளனர் என அவ்வாய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது மிகுதியாகக் காணப்பட்டது. பட்டணத்து வாழ்க்கையால் வரும் நோய் இது என்று எண்ணியிருந்தவர்களுக்கு இச்செய்தி வியப்பளிக்கலாம்.

நோயின் மூலம் ஒன்றன்று. 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர் விவரித்த வகையில், மூளையில் சில புரதப் பொருள்கள் தேங்கி நரம்பணுக்கள் அழிகின்றன. மற்றொரு வகையில், மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நுண்ணிய குழாய்கள் தடித்தும் அடைபட்டும் போவதால், சிறு சிறு பகுதிகள் ஊட்டமின்றி மடிகின்றன. முதியோர் பலரிடம் இவ்விரண்டும் கலந்தே காணப்படுகின்றன. அறிகுறிகள் வெளிப்படுவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே மூளையில் மாறுதல்கள் தொடங்கிவிடுகின்றன. எழுபது வயதில் தோன்றும் நோய்க்கு ஐம்பது வயதில் வித்திடப்படுகிறது எனலாம். நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆகவே, தடுப்பு முறைகளே முதலிடம் பெறுகின்றன.

இத்தடுப்பு முறைகளை ஆராய்ந்த சர்வதேச நிபுணர் குழுவொன்று, 2024ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் தன் அறிக்கையை வெளியிட்டது. மாற்றியமைக்கக்கூடிய 14 காரணங்களை அக்குழு எடுத்துக்காட்டியது. அவை அனைத்தையும் அகற்ற இயலுமாயின், உலகில் தோன்றும் மறதி நோயில் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ கூடும் என்பது அதன் கணிப்பு. இவ்வெண்ணைத் தவறாகப் பொருள் கொள்ளலாகாது. இஃது ஒரு சமுதாயம் முழுமைக்கும் பொருந்தும் கணக்கு. நெறிப்படி வாழும் ஒருவருக்கு நோய் வாராது என்னும் உறுதிமொழியன்று. நோயுற்ற முதியவரின் வீட்டாரிடம் "முன்பே கவனித்திருக்கலாம்" என்று கூறுவது உண்மைக்கும் புறம்பு, பண்புக்கும் புறம்பு.

பதினான்கு காரணங்களுள் கிராம ஊழியரின் கைக்கு மிக எளிதில் எட்டுவது உயர் ரத்த அழுத்தமாகும். இதற்குச் சான்று சீன நாட்டின் கிராமங்களிலிருந்தே கிடைத்துள்ளது. அங்கு 326 கிராமங்களில், 40 வயதும் அதற்கு மேலும் ஆகிய, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாத ஏறத்தாழ 34,000 பேரிடம் நான்கு ஆண்டுகள் சோதனை ஒன்று நடத்தப்பட்டது. கிராமங்கள் இரு பாதியாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதியில் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. மறு பாதியில், மருத்துவக் கல்லூரிப் பட்டம் பெறாத, ஆனால் பயிற்சி பெற்ற கிராம வைத்தியர்கள் பொறுப்பேற்றனர். எந்த மாத்திரையில் தொடங்குவது, எப்போது அளவைக் கூட்டுவது, எப்போது இரண்டாவது மருந்தைச் சேர்ப்பது என்பன எளிய படிவரிசையாக அவர்களுக்கு வகுத்துத் தரப்பட்டன. மருந்துகள் இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைத்தன. வீட்டிலேயே அழுத்தத்தை அளக்கும் கருவி நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு, அதனைப் பயன்படுத்தும் முறையும் கற்பிக்கப்பட்டது. மேல் அளவு 130க்கும் கீழ் அளவு 80க்கும் குறைய வேண்டும் என்பது இலக்கு. உயர்நிலை மருத்துவர்கள் மேற்பார்வை மட்டும் செய்தனர்.

முடிவுகள் 2025ஆம் ஆண்டில் வெளியாயின. கிராம வைத்தியர்கள் பொறுப்பேற்ற ஊர்களில், மேல் அளவு மற்ற ஊர்களைக் காட்டிலும் சராசரி 22 மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைந்திருந்தது. மறதி நோய் ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு 15 வீதம் குறைந்தது. பதினைந்து வீதம் பெரிய வெற்றியா என்று சிலர் ஐயுறலாம். நான்கே ஆண்டுகளில், புது மருந்து எதுவுமின்றி, பழைய மாத்திரைகளைத் தவறாது உட்கொள்ளச் செய்ததால் மட்டும் இப்பயன் விளைந்தது என்பதை நினைவிற்கொள்ளின் அதன் மதிப்பு விளங்கும். பெரிய ஆஸ்பத்திரிகளின் உயர்ந்த கருவிகள் எவையும் இதற்குத் தேவைப்படவில்லை.

நம் நாட்டிலும் இதற்கான ஏற்பாடுகள் இல்லாமலில்லை. 30 வயது நிறைந்தோர் அனைவருக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்கும் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக நடைபெறுகிறது. எளிய படிவரிசைச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்ட இந்திய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியும் 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. குறை பெரும்பாலும் மருந்தில் இல்லை, தொடர்ச்சியில் உள்ளது. அளவு சரியாகிவிட்டது என்று கேள்வியுற்ற மறுநாளே மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். நோவோ சுரமோ தராத நோய்க்கு நாள்தோறும் மருந்துண்ண மனம் ஒப்புவதில்லை. அளவு சரியாக இருப்பது மாத்திரையினால்தான் என்பதை ஒருமுறை சொன்னால் போதாது. ஒவ்வொரு முறை வீடு செல்லும்போதும் சொல்ல வேண்டும். உப்பைக் குறைப்பதும் இதனுடன் சேர்ந்ததே. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தபடியாகக் கவனிக்கத்தக்கவை காதும் கண்ணும். செவி மந்தமான முதியவர் உரையாடலிலிருந்து மெல்ல விலகுகிறார். வீட்டாரும் அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்கின்றனர். மூளைக்குக் கிடைக்கும் வேலை குறைகிறது. அமெரிக்காவில் 977 முதியோரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான சோதனையில், காதுக்கருவி அணிவித்ததால் குழு முழுவதிலும் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் நோய்வாய்ப்பு மிகுந்திருந்த பிரிவினரிடம் மூன்றாண்டுகளில் அறிவுத் தளர்ச்சியின் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. சிலருடைய செவி மந்தத்துக்குக் காரணம் வெறும் குறும்பிதான் என்பதால், முதலில் அதனைச் சோதிக்கச் செய்தல் நலம். கண்புரையைப் பொறுத்தவரை, 3,038 முதியோரைத் தொடர்ந்து கவனித்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, புரையை நீக்கிக்கொண்டவர்களிடம் மறதி நோய் ஏறத்தாழ நூற்றுக்கு 30 வீதம் குறைவாகத் தோன்றியதாக 2022இல் தெரிவித்தது. கண் சிகிச்சை முகாமுக்கு முதியவரை அழைத்துச் செல்லும் ஊழியர் பார்வையை மட்டுமன்றி அறிவையும் காக்கிறார் எனக் கருத இடமுண்டு.

உடலுழைப்பைப் பற்றி உழவருக்கு உபதேசம் தேவையில்லை என்று தோன்றலாம். ஆயின், நிலத்தை மகனிடம் ஒப்படைத்துத் திண்ணையில் அமரும் நாளிலிருந்து உழைப்பு மட்டுமன்றி, ஊராருடன் கூடிப் பழகும் வாய்ப்பும் ஒருசேர நின்றுவிடுகிறது. தனிமையும் மனச்சோர்வும் அப்பதினான்கு காரணங்களுள் அடங்கியவை. மாலையில் கோயில்வரை நடந்து நாலு பேருடன் பேசித் திரும்புவது, மாத்திரைச் சீட்டில் எழுதப்படாத மருந்து. பீடி, சிகரெட்டு, மிகுந்த குடி, நீரிழிவு, அதிக உடற்பருமன், தலையில் படும் அடி ஆகியவற்றின் தீமை யாவரும் அறிந்ததே. மோட்டார் சைக்கிளில் செல்வோரின் தலைக்கவசமும் மறதி நோய்த் தடுப்பில் சேரும் என்பது மட்டும் பலர் அறியாதது.

ஆசிரியர்களுக்கு இதில் தனிப் பங்குண்டு. இளமையில் பள்ளிக் கல்வி குறைந்திருத்தலும் அக்காரணங்களுள் ஒன்று. கற்ற மூளை பிற்காலத்துச் சேதத்தைத் தாங்கும் வலிமையைச் சேமித்து வைக்கிறது என்பது விஞ்ஞானிகளின் விளக்கம். நம் மூதாட்டியரிடையே நோய் மிகுந்திருப்பதற்கு, அக்காலத்தில் பெண்களுக்குப் பள்ளி எட்டாதிருந்ததும் ஒரு காரணமாதல் கூடும். எட்டாம் வகுப்புடன் நின்றுவிடும் சிறுமியை மீண்டும் பள்ளிக்கு அழைத்துவரும் ஆசிரியை, அறுபது ஆண்டுகளுக்குப் பிந்திய ஒரு நோயுடனும் போராடுகிறார்.

எனினும், எழுத்தறிவின்மையை அறிவின்மையாகக் கொள்ளும் பிழை நேராதவாறு காத்தல் வேண்டும். மேனாட்டில் வகுக்கப்பட்ட நினைவுச் சோதனைகள், வாசகம் ஒன்றைப் படித்து அதன்படி செய்யுமாறும், வாக்கியம் ஒன்றை எழுதுமாறும் கேட்பவை. அரியானா மாநிலத்தின் வல்லப்கட் வட்டாரத்துக் கிராமங்களில் ஆராய்ச்சி நடத்தியோர், அங்குள்ள முதியோரில் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர் என்பதை உணர்ந்து சோதனையையே மாற்றியமைத்தனர். "கண்களை மூடுக" என்று எழுதிக் காட்டுவதற்குப் பதிலாக, "என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்" என்று கூறிச் சோதிப்பவர் தம் கண்களை மூடினார். வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதிலாக, "உங்கள் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள்" என்றனர். 1995இல் வெளியான இந்த இந்தி மனநிலைத் தேர்வு இன்றும் பயன்பட்டு வருகிறது. ஏட்டையே காணாத பாட்டி, தன் பேரப்பிள்ளைகள் பதின்மரின் பெயரையும் பிறந்த மாதத்தையும் வரிசையாகக் கூறுவாராயின் அவருடைய நினைவில் குறையில்லை.

நினைவு வளர்ப்பதாக விளம்பரம் செய்யப்படும் மாத்திரைகளும் லேகியங்களும் கடைகளில் குவிந்துள்ளன. ஜின்கோ என்னும் மர இலைச் சத்தை 75 வயதுக்கு மேற்பட்ட 3,000க்கும் அதிகமானோருக்குப் பல்லாண்டுகள் கொடுத்துப் பார்த்ததில் மறதி நோய் குறையவில்லை என்பது 2008இலேயே தெரியவந்தது. நம் வல்லாரை நல்ல கீரை, துவையலாக உண்ணலாம். மறதி நோயைத் தடுக்கும் என்பதற்குப் பெரிய அளவிலான சோதனைச் சான்று அதற்கும் இல்லை. அப்பணத்துக்குக் காயும் பழமும் வாங்குவது மேல்.

ஓர் எச்சரிக்கை மட்டும் எஞ்சியுள்ளது. மறதி போல் தோன்றுபவை எல்லாம் மறதி நோய் அல்ல. தைராய்டுச் சுரப்பியின் குறை, வைட்டமின் பி-12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவை அதே தோற்றத்தைத் தரக்கூடியவை; சிகிச்சையால் பெரும்பாலும் சீர்ப்படக்கூடியவை. இரண்டொரு நாளில் திடீரெனத் தோன்றும் குழப்பம் பெரும்பாலும் சுரத்தாலோ, சிறுநீர்த் தொற்றாலோ, நீர்ச்சத்துக் குறைவாலோ வருவது. அதனைத் தாமதியாது ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். முதியவரை அனுப்பும்போது, மறதி எப்போது தொடங்கிற்று, எவ்வேலையை முன்போல் செய்ய இயலவில்லை என்பவற்றைச் சீட்டில் குறித்துக் கொடுத்தல் நன்று. அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், தூக்க மாத்திரை உட்பட, ஒரு பையிலிட்டு உடன் கொண்டுசெல்லுமாறு வீட்டாரிடம் கூற வேண்டும். சிலருக்கு மறதியின் காரணம் அப்பையிலேயே இருப்பதுண்டு.