பனிக்கு அடியில் தூண்டில்

ஏரியின் மேற்பரப்பு கல்லென உறைந்துவிட்டால், மீன்பிடிப்போர் தூண்டிலைச் சுருட்டிப் பரணில் வைத்துவிட வேண்டியதுதான் என்று வெயில் நாட்டிற் பிறந்த நாம் எண்ணுவது இயல்பு. ஆனால் பின்லாந்து, ஸ்வீடன், ரஷ்யா, கனடா, அமெரிக்காவின் மினசோட்டா முதலிய இடங்களில் வாழ்வோருக்கு அப்பொழுதுதான் ஒருவகை மீன்பிடிப்பே தொடங்குகின்றது. அவர்கள் பனியைத் துளைத்து, அத்துளை வழியே தூண்டிலை இறக்கி, பைக் என்னும் வேட்டை மீனைப் பிடிக்கின்றனர். அத்தூண்டிலில் முள்ளையும் இரையையும் எவ்வாறு அமைக்கின்றனர் என்பதை இங்கு ஆராய்வோம். இஃது ஒரு சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு முள்ளை இரையின் எவ்விடத்தில் ஏற்றுகின்றோம் என்பதில் ஒரு மீனின் உயிரும் ஓர் ஏரியின் வளமும் அடங்கியிருக்கின்றன.

முதலில், உறைந்த ஏரியில் மீன் எவ்வாறு வாழ்கின்றது? நன்னீர் ஏறத்தாழ 4 டிகிரி சென்டிகிரேடில் மிகுந்த அடர்த்தி பெறும். அதனினும் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே நிற்கும். அதுவே பனிக்கட்டியாகி மிதக்கும். ஆகவே ஏரி மேலிருந்து கீழ்நோக்கியே உறைகின்றது. மேலே பனி போர்வைபோல் மூடிக்கொள்ள, அடியில் நீர் நீராகவே இருக்கின்றது. அங்கே பல மீன்கள் சோர்ந்து கிடக்கும் வேளையிலும் பைக் மீன் இரை தேடுவதை விடுவதில்லை.

வட அமெரிக்கா, ஐரோப்பா, வட ஆசியா ஆகிய நிலப்பகுதிகளின் நன்னீரில் பைக் வாழ்கின்றது. நம் கடலிலுள்ள சீலா மீனைப்போல் நீண்ட உடலும் கூர்ந்த வாயும் உடையது. எனினும் சீலாவுக்கு உறவன்று. 10 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ளனவும் அகப்படுகின்றன. பின்லாந்து மக்களின் காப்பியமாகிய கலேவலாவில், ஒரு பெரும் பைக் மீனின் தாடையெலும்பைக் கொண்டே முதல் கந்தலே யாழ் செய்யப்பட்டதாகக் கதை கூறப்படுகின்றது. 1835ஆம் ஆண்டில் எலியாஸ் லொன்ரொத் தொகுத்து வெளியிட்ட அக்காப்பியம், 1994ஆம் ஆண்டில் ஆர். சிவலிங்கம் என்ற உதயணனின் மொழிபெயர்ப்பாகத் தமிழிலும் வெளிவந்தது. அம்மக்களின் வாழ்வில் இம்மீன் எத்துணை ஆழ்ந்த இடம் பெற்றது என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

பைக் விரட்டிச் சென்று வேட்டையாடும் மீனன்று. பதுங்கியிருந்து பாயும் மீன். அதன் முதுகுத் துடுப்பு வாலை ஒட்டிப் பின்தள்ளி அமைந்திருப்பதால், நின்ற இடத்திலிருந்தே அம்புபோல் பாய இயலும். பாய்ந்ததும் இரையைப் பெரும்பாலும் நடுவுடலில் குறுக்காகக் கவ்வும். பிறகு சற்று நின்று, இரையைத் திருப்பித் தலைப்புறமாக விழுங்கும். தலை முன்னே சென்றால் செதிள்களும் துடுப்பு முட்களும் படிந்து தொண்டையில் எளிதில் இறங்குமன்றோ? குறுக்கே கவ்வுதல், திருப்புதல், விழுங்குதல் என்னும் இம்மூன்று செயல்களையும் நினைவிற் கொள்வோமாயின், தூண்டிலின் அமைப்பு முழுவதும் தானே விளங்கும்.

குளிரில் கைத்தூண்டிலைப் பிடித்தபடி நெடுநேரம் நிற்பது அரிது. எனவே துளையின்மேல் ஒரு கொடிப்பொறியை வைக்கின்றனர். ஸ்வீடனில் இதனை ஆங்கெல்டூன் என்றும், ரஷ்யாவில் ஷெர்லீத்சா என்றும், அமெரிக்காவில் டிப்-அப் என்றும் அழைப்பர். பொறியுடன் நூல் சுற்றிய உருளையொன்று பொருத்தப்பட்டிருக்கும். மீன் இரையை இழுத்ததும் உருளை சுழலும். வளைத்து மாட்டியிருந்த கொடி விடுபட்டு நிமிரும். தொலைவில் இருப்பவரும் அக்கொடியைக் கண்டு ஓடி வரலாம். உருளையை நீருக்குள் மூழ்கியிருக்குமாறு வைக்கும் பொறிகளும் உண்டு. அவற்றில் நூல் உறைந்து ஒட்டிக்கொள்வதில்லை.

இனித் தூண்டிலின் கீழ்ப்பகுதிக்கு வருவோம். பைக் மீனின் மேல்வாயில் நூற்றுக்கணக்கான சிறு பற்கள் உட்புறம் சாய்ந்து நிற்கின்றன. கீழ்த்தாடையிலோ கத்தி போன்ற பெரும் பற்கள் உள்ளன. சாதாரண நைலான் நரம்பு அவற்றுக்கு ஈடுகொடுக்காது. நரம்பு அறுந்தால், மீனவர் மீனை இழப்பது மட்டுமன்று. மீன் வாயில் முள்ளைச் சுமந்துகொண்டு செல்கின்றது. ஆகையால் நூலின் முனையில் பல இழைகள் முறுக்கிய மெல்லிய உருக்குக் கம்பியை 30 முதல் 45 சென்டிமீட்டர் நீளத்திற்கு இணைக்கின்றனர். நூலும் கம்பியும் சேருமிடத்தில், முறுக்கேறாதிருக்க ஒரு சிறு சுழலியை அமைக்கின்றனர்.

அக்கம்பியில் இரண்டு மும்முனை முட்கள் பூட்டப்படும். ஒன்று கம்பியின் கடைசியில் அசையாது நிற்கும். மற்றொன்று அதற்கு மேலே, இரையின் நீளத்திற்கேற்ப நகர்த்தி நிறுத்தத்தக்கதாய் இருக்கும். மீன் பெரிதாயிற்றே என்று முள்ளையும் பெரிதாக வைத்தல் தேவையில்லை. 4 அல்லது 6 எண்ணுள்ள சிறு முட்களே போதும். சிறிய கூர்முனை எளிதில் தைக்கும், எளிதில் கழலவும் செய்யும்.

இரையாக ரோச், ஸ்மெல்ட், ஹெர்ரிங் முதலிய சிறு மீன்களைப் பயன்படுத்துகின்றனர். செத்த மீனையும் பைக் தயங்காது உண்ணும். எண்ணெய்ப்பசை மிகுந்த மீனின் மணம் அதனை ஈர்க்கும். இரையைக் கோக்கும்பொழுது, கடைசி முள்ளின் ஒரு முனையைத் தலைக்குச் சற்றுப் பின்னாலும், நகரும் முள்ளின் ஒரு முனையை முதுகுத் துடுப்பினருகிலும் ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள கம்பி மிகத் தளர்ந்தும் மிக இறுகியும் இருத்தலாகாது. அப்பொழுது இரைமீன் தலைகீழாகத் தொங்காமல், நீரில் இயல்பாக நிற்பதுபோல் கிடையாக நிற்கும். ஒவ்வொரு முள்ளிலும் ஒரு முனையே சதையில் இருத்தல் வேண்டும். ஏனைய இரு முனைகளும் வெளியே திறந்திருக்க வேண்டும். எல்லா முனைகளையும் சதைக்குள் புதைத்துவிட்டால், இழுக்கும்பொழுது அவை இரையையே பற்றியிருக்கும்; பைக்கின் வாயைப் பற்றமாட்டா.

இவ்வாறு இரண்டு முட்கள் ஏன்? முற்காலத்தில் ஒரே பெரிய முள்ளில் இரையை மாட்டி, கொடி நிமிர்ந்த பின்னரும் நெடுநேரம் காத்திருந்தனர். மீன் இரையைத் திருப்பி விழுங்கட்டும் என்பதே அக்காத்திருப்பின் நோக்கம். மீன் தப்பாது என்பது மெய்யே. ஆனால் முள் தொண்டையிலோ வயிற்றிலோ செவுளிலோ தைத்துவிடும். அத்தகைய மீனைத் திரும்ப நீரில் விட்டாலும் பிழைப்பது அரிது. இரட்டை முள்ளமைப்பில் காத்திருக்க வேண்டுவதில்லை. பைக் இரையைக் குறுக்கே கவ்விய நிலையிலேயே, முட்களில் ஒன்றேனும் அதன் வாயோரத்தில் இருக்கும். ஆகவே கொடி நிமிர்ந்ததும் விரைந்து சென்று, நூலை மெல்லப் பற்றி, மறுமுனையில் மீனின் கனம் தெரிந்தவுடன் உறுதியாக இழுத்துவிடலாம். முள் உதட்டருகில் தைக்கும். மீனின் உள்ளுறுப்புகளுக்கு ஊறு நேராது.

மீன் ஓடும்பொழுது நூலை விட்டுக்கொடுத்தும், ஓய்ந்தபொழுது இழுத்தும் வருதல் வேண்டும். நூலைக் கையில் சுற்றிக்கொள்ளல் ஒருபோதும் கூடாது; பெரிய மீன் திடீரென ஓடினால் நூல் விரலை அறுத்துவிடும். நீண்ட மூக்குள்ள குறடும், முள்ளையே வெட்டத்தக்க வெட்டுக்குறடும் முன்னரே அருகில் இருக்க வேண்டும். கடுங்குளிரில் நீருக்கு வெளியே மீனின் கண்ணும் செவுளும் விரைவில் உறையத் தொடங்கும். விடுவிக்கக் கருதிய மீனைப் பனியிற் கிடத்திக் காலம் போக்குதல், அதனை விடுவிக்காமைக்கே ஒப்பாகும்.

விடுவிப்பதில் இத்துணைக் கருத்து எதற்கு? பைக் இனத்தில் பெண்மீனே ஆணினும் பெரிதாக வளர்கின்றது. எனவே தூண்டிலிற் சிக்கும் மிகப் பெரிய மீன் பெரும்பாலும் பெண்ணே. பனி உருகும் இளவேனிலில் அது ஆழமற்ற புல்வெளி நீரில் முட்டையிடும். பெரிய பெண்மீன் இடும் முட்டைகள் இலட்சத்தையும் கடக்கும். குளிர்காலத்தின் இறுதியில் பிடிபடும் அம்மீன் அடுத்த தலைமுறையைத் தன் வயிற்றிலேயே சுமந்து நிற்கின்றது. உணவுக்கு நடுத்தர மீனை எடுத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுவோர் ஏரியின் முதலைக் காத்து வட்டியை உண்போராவர்.

இரையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. உயிர்மீனை இரையாக்குவதை நார்வே போன்ற நாடுகள் சட்டத்தால் விலக்கியுள்ளன. ஓர் ஏரியின் மீனை மற்றோர் ஏரிக்கு இரையாகக் கொண்டுசெல்வதும் தீங்கானது; நோயும் அயல் மீனினமும் அவ்வழியே பரவும். ஆதலின், இடத்திற்கிடம் மாறுபடும் விதிகளை அறிந்தபின்னரே தூண்டிலை எடுத்தல் தக்கது.

மீனின் உயிரைக் காப்போர் தம் உயிரையும் காத்துக்கொள்ள வேண்டுமன்றோ? புதிதாய் உறைந்த தெளிந்த பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் தடிப்பேனும் இருந்தாலன்றி அதன்மேல் நடத்தலாகாது என்பது மினசோட்டா அரசின் அறிவுரை. வெண்மை படர்ந்த பனி வலுக்குறைந்தது. அதற்கு இருமடங்கு தடிப்பு வேண்டும். பின்லாந்து மக்கள் கயிற்றில் கோத்த இரண்டு கூர்முனைப் பிடிகளைக் கழுத்தில் மாலைபோல் அணிந்து செல்கின்றனர். பனி உடைந்து நீரில் விழுந்தால், அம்முனைகளைப் பனியில் குத்தி ஊன்றி மேலேறிவிடலாம்.

நம்முள் பெரும்பாலோர் உறைந்த ஏரியின்மேல் தூண்டிலிடும் நாள் வராமற் போகலாம். எனினும் மேட்டூரில் தூண்டிலிட்டாலும் ஹூக்ளியில் தூண்டிலிட்டாலும் இம்முறையின் கருத்து நமக்குப் பயன்படும். மீன் எவ்வாறு உண்கின்றது என்பதை அறிந்து முள்ளை அமைப்பவர், எதைக் கொள்வது, எதை விடுவது என்பதைத் தாமே முடிவு செய்யலாம். அறியாது அமைப்பவருக்கோ, மீனை விட மனமிருந்தாலும் வழி இராது.